மூன்றாம் வகுப்பில் சேர்ந்த ஒட்டகம்

ஜனவரி 20, செவ்வாய்

பள்ளிக்கூடத்துக்கு ஒரு பதிவேடு, எனக்கு ஒரு டைரி. பதிவேட்டில் இன்று, "மூன்றாம் வகுப்பு மாணவர்கள் கூடிக் கதை உருவாக்கும் செயல்பாட்டில் ஆர்வத்துடன் பங்கேற்றனர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நடந்ததை இங்கே எழுதுகிறேன்.

அடுத்த மாதம் ஆறாம் தேதி ஆண்டு விழா. மூன்றாம் வகுப்பின் பங்கு ஒரு கதை. அதைப் பிள்ளைகளே சேர்ந்து உண்டாக்க வேண்டும் என்று மேலிடத்தில் சொல்லியிருக்கிறார்கள். தலைமையாசிரியை ரூபாவதி டீச்சர் காலையிலேயே கூப்பிட்டார்.

"ஜெயக்கொடி, இதுகளாவது கதை உண்டாக்குறதாவது. நீதி இருக்க மாதிரி ஒண்ணு எடுத்து மனப்பாடம் பண்ண வச்சிருங்க. நன்கொடை குடுத்த பாம்பேக்காரர் வாராவ, எல்லாம் நல்லா இருக்கணும்."

சரி என்று தலையாட்டினேன். நான் தலையாட்டினால் காது கேட்டது என்று அர்த்தம், அவ்வளவுதான். வகுப்புக்குப் போய்ப் பிள்ளைகளைத் தரையில் வட்டமாக உட்கார வைத்து, "நம்ம கதையில யாரு வரணும்?" என்று கேட்டேன்.

ஒட்டகம் என்றான் ஜெபின். ஊருக்கு மேற்கே தேரியில் செம்மணல் மேடு மேடாகக் கிடக்கிறது, ஒட்டகம்தான் இல்லை என்பது அவனுடைய நெடுநாள் குறை. போர்டில் எழுதினேன். முத்துமாலைக்கு ரயில்தான் வேண்டுமாம், கத்தினாள். டஸ்டரை எடுத்து ஒட்டகத்தை அழித்தேன். ஜெபின் தரையில் விழுந்து புரண்டு அழுதான். மறுபடியும் ஒட்டகத்தை எழுதினால் முத்துமாலை அழுவாள்.

அப்போது இசக்கியம்மாள் வாயைத் திறந்தாள். ஜூனிலிருந்து அந்தப் பிள்ளை வகுப்பில் பேசியதை விரல்விட்டு எண்ணிவிடலாம். "யாரு சொன்னதையும் அழிக்காதீங்க டீச்சர். பிடிக்கலன்னா அடுத்த வரிய அவிய வேற மாதிரி சொல்லிக்கிடட்டும்."

வகுப்பே கை தூக்கியது. அதுதான் சட்டம் என்று ஆகிவிட்டது. எழுதிய வரியை அழிக்கக் கூடாது, அடுத்த வரி சேர்க்கலாம். போர்டு என்றால் எப்படியும் அழியும் என்று சார்ட் பேப்பருக்கு மாறினோம். முதல் வரி: தேரியிலிருந்து ஓர் ஒட்டகம் வந்தது. இரண்டாம் வரி: அது ரயிலில் வந்தது. இரண்டு பேருக்கும் சந்தோஷம். எனக்கும்.

வீட்டுக்கு வந்ததும் நின்றபடியே ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். தலைவலி கொஞ்சம் விட்டது. மாவு ஆட்ட வேண்டும்.

ஜனவரி 21, புதன்

பெண் பிள்ளைகள் எண்ணிக்கையில் கூடுதல், அதனால் ஒட்டகம் பெண்ணாகிவிட்டது. பெயர் செண்பகம். மூன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறது. கழுத்து நீளம் என்பதால் கடைசி வரிசையில் இடம். சீருடை தைக்கத் துணி எவ்வளவு ஆகும் என்று பிள்ளைகள் பெரிய கணக்கே போட்டார்கள். கணக்குப் பாடம் தனியாக நடத்தவில்லை.

ஜனவரி 23, வெள்ளி

"செண்பகம் ஏன் தண்ணியே குடிக்கறதில்ல?" என்று இன்று கேட்டேன். திமில், கொழுப்பு, பாலைவனம் என்று அறிவியலுக்குள் கூட்டிக்கொண்டு போகலாம் என்பது என் திட்டம். சார்ட்டில் திமிலுக்கு இடம்கூட விட்டு வைத்திருந்தேன்.

இசக்கியம்மாள் சொன்னாள்: "அது பள்ளிக்கூடத்துல படிக்குல்லா டீச்சர். அதான் குடிக்காது."

பையன்கள் இரண்டு பேர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார்கள். பெண் பிள்ளைகளில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

"பொறவு?" என்று கேட்டேன்.

"சத்துணவு சாப்பிட்டதும் வீட்டுக்கு ஓடிரும். பொறவு வராது."

இசக்கியம்மாளும் அப்படித்தான். மத்தியானம் சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போனால் மறுநாள் காலையில்தான் வருவாள். பிற்பகல் வருகையில் தினமும் அவளுக்கு ஆப்சென்ட் போடுகிறேன். படிப்பில் பிடிப்பில்லை என்று ரூபாவதி டீச்சர் முடிவு கட்டிவிட்டார். ஆண் பிள்ளைகளுக்கு ஒதுங்கப் பின்பக்கம் உடைமரக் காடு இருக்கிறது. பெண் பிள்ளைகள் ஒதுங்கிய பக்கத்தில் போன வருஷம் வீடுகள் வந்துவிட்டன.

அவள் சொன்ன இரண்டு வரிகளையும் பெரிய எழுத்தில் எழுதினேன். நான் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை. பொறவு என்று கேட்டேன், அவ்வளவுதான். அதைக் கேட்கத்தானே சம்பளம்.

ஜனவரி 26, திங்கள்

கொடியேற்றம். மிட்டாய். பிள்ளைகளை அனுப்பிவிட்டு நானும் ரூபாவதி டீச்சரும் எதிர்த்த வீட்டுக்குப் போனோம். அவசரத்துக்கு அங்கேதான் போவோம். அந்த வீட்டுக்காரி முகம் சுளிக்காத நல்ல பெண்மணிதான், ஆனாலும் தினமும் அடுத்தவர் வீட்டுக் கதவைத் தட்டி நிற்பது எனக்குச் சுலபமாக வருவதில்லை.

திரும்பி வரும்போது புதிய கழிப்பறையின் முன்னால் நின்றேன். போன ஜூனில் ரிப்பன் வெட்டித் திறந்தது. நீல டைல்ஸ், வாளி, குழாய் எல்லாம் உண்டு. வாசலில் பளிங்குக் கல்லில் "உபயம்: திரு. ஆதிலிங்கம், மும்பை" என்று பொன்னிற எழுத்து. ரிப்பன் வெட்டிய அன்று மாலையே பூட்டியது.

"தொறந்து விடலாமே டீச்சர்" என்றேன்.

"ரெண்டு நாள்ல நாறடிச்சிருவாங்க. கழுவ ஆள் கெடையாது. ஆறாம் தேதி ஆதிலிங்கம் சார் வந்து பாத்தா அன்னைக்குக் கட்டுன மாதிரி இருக்கணும். இருந்தாத்தான் அடுத்து காம்பவுண்டு சுவர் கேக்க முடியும்." முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்தார். "இந்தக் கட்டடத்தக் கொண்டுவர நான் ஆள் தேடி எத்தன தடவ மதுரைக்கும் சென்னைக்கும் அலஞ்சேன்னு உங்களுக்குத் தெரியாது. முப்பது வருசமா எதுத்த வீட்டுக்குப் போறேன். இன்னும் பத்து நாள் போனா ஒண்ணும் கொறஞ்சிராது."

பிள்ளைகளுக்குக் கட்டிய கழிப்பறை, பிள்ளைகள் போனால் கெட்டுவிடும் என்று பூட்டியிருக்கிறது. இதை எழுதிவிட்டு மறுபடி படித்துப் பார்த்தேன். சரியாகத்தான் எழுதியிருக்கிறேன்.

ஜனவரி 28, புதன்

சிலிண்டர் தீர்ந்துவிட்டது. வீட்டுக்காரர் உப்பு லாரியோடு கொச்சிக்குப் போயிருக்கிறார். ரொட்டி தின்று படுத்தேன்.

ஜனவரி 30, வெள்ளி

செண்பகம் பள்ளிக்கூடத்துக்குள் ஒரு மாளிகையைக் கண்டுபிடித்துவிட்டது. நீல நிற மாளிகை. வாசலில் பெரிய பூட்டு. உள்ளே என்ன இருக்கும் என்று கேட்டேன். தங்கம் என்றான் ஒருவன். தூங்குகிற பூதம் என்றாள் இன்னொருத்தி. எல்லாவற்றையும் எழுதினேன், அழிக்கக் கூடாது இல்லையா. கடைசியில் முத்துமாலை, "உள்ள யாருமே இல்ல. ஒரு ராஜா வருசத்துக்கு ஒருக்க பாம்பேல இருந்து வருவாரு. அவருக்காகத்தான் பூட்டிக் கெடக்கு" என்றாள்.

நான் செய்தது ஒரு புது சார்ட்டை எடுத்துக் கொடுத்தது மட்டும்தான். அது நீல நிறத்தில் இருந்தது தற்செயல்.

சாயங்காலம் ரூபாவதி டீச்சர் வகுப்புக்கு வந்து சுவரில் ஒட்டியிருந்ததை ஒவ்வொரு வரியாகப் படித்தார். காது மடல் சிவந்துவிட்டது.

"இது யாரு சொல்லிக் குடுத்தது?"

"யாரும் இல்ல டீச்சர். பிள்ளைங்க சொன்னதுதான்."

"ராஜா வர்ற வரிய அழிச்சிருங்க."

"அழிக்கக் கூடாதுன்னு வகுப்புல சட்டம் டீச்சர்."

"சட்டம் போட்டது யாரு?"

"மூணாம் வகுப்பு."

அவர் சார்ட்டை இன்னொரு தடவை பார்த்துவிட்டுப் போனார். நான் பேனாவை இரண்டு தடவை கீழே போட்டது பசியால்தான். மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 1, ஞாயிறு

தைப்பூசம். பச்சை வேட்டியும் பச்சைச் சேலையுமாகத் திருச்செந்தூருக்குப் போகிறவர்கள் காலையிலிருந்து தெருவை நிறைத்துக்கொண்டு நடக்கிறார்கள். வாசலில் மோர் வைத்தேன். பெண்கள் சிலர் மோரைக் கையில் வாங்கிக்கொண்டே, "உள்ள கொஞ்சம் போயிட்டு வரலாமா தாயி?" என்று கேட்டார்கள். வீட்டுக் கதவை நாள் முழுவதும் திறந்தே வைத்திருந்தேன். வாளித் தண்ணீர் நிறைக்க நிறைக்கத் தீர்ந்தது. இடுப்பு ஒடிந்துவிட்டது, ஆனால் கோபம் மட்டும் கூடியிருக்கிறது.

பிப்ரவரி 2, திங்கள்

இதைப் பதிவேட்டில் எழுத முடியாதே என்று வருத்தமாக இருக்கிறது.

முதலில் ரூபாவதி டீச்சர் அறைக்குக் கூப்பிட்டார். "தாளாளர்ட்ட அடுத்த வருசத்துக்கு உங்க பேர நான்தான் சொல்லணும், ஞாபகம் இருக்கட்டும்" என்றார். நான் நிர்வாகம் போட்ட தற்காலிக டீச்சர். ஒவ்வொரு ஏப்ரலிலும் என் வேலை முடியும், ஜூனில் யாராவது என் பெயரைச் சொன்னால் பிழைக்கும். ஞாபகம் இருக்கிறது என்றேன். பயமெல்லாம் இல்லை.

பிறகு அவரே வகுப்புக்கு வந்தார். பிள்ளைகளிடம் தேனாகப் பேசினார். "கதை ரொம்ப நல்லாருக்கு. அந்த ராஜா வரிய மட்டும் எடுத்துருவோமா?"

"எடுக்கக் கூடாது டீச்சர்" என்றான் ஜெபின். "பிடிக்கலன்னா அடுத்த வரி நீங்க சொல்லலாம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். கொஞ்சம் யோசித்து, "சரி, எழுதுங்க. ராஜா கதவைத் திறந்துவிட்டார். எல்லோரும் மகிழ்ச்சியாக இருந்தார்கள். நீதி: தினமும் தண்ணீர் குடிக்க வேண்டும்" என்றார். ஒரு சொல் விடாமல் எழுதினேன். முடிந்தது என்று எழுந்தார்.

இசக்கியம்மாள் கை தூக்கினாள். "அடுத்த வரி டீச்சர். அது கனவு. செண்பகம் முழிச்சுப் பாத்துச்சு. பூட்டு அப்படியே கெடந்துச்சு."

அதையும் எழுதினேன். சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

ரூபாவதி டீச்சர் அந்தக் கடைசி வரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "ஏட்டி, கதையிலதான் தொறந்தாச்சே" என்று இசக்கியம்மாளிடம் கேட்டார். குரலில் அதட்டல் இல்லை.

"தொறக்கலயே டீச்சர்" என்றாள் அவள். "தொறந்தா எழுதுவோம்."

தோசை கருகிவிட்டது. கல்லின் மேல் நினைவே இல்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

கதை கிடையாது, மூன்றாம் வகுப்பு நடனம் ஆட வேண்டும் என்று உத்தரவு. பாட்டு பென்டிரைவில் வந்திருக்கிறது. நிகழ்ச்சியை மைக்கில் தொகுத்துச் சொல்லும் வேலை எனக்கு. அது எப்போதும் தற்காலிக டீச்சர் தலையில்தான் விழும்.

இசக்கியம்மாள் வரவில்லை.

பிப்ரவரி 4, புதன்

இன்றும் வரவில்லை. பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போனேன். பிள்ளை காய்ச்சலில் சுருண்டு கிடந்தாள். அவள் அம்மா சண்முகக்கனி உப்பளத்திலிருந்து அப்போதுதான் வந்து, காலைக்கூடக் கழுவாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"நீர்க்கடுப்பு டீச்சர். அடக்கி அடக்கி வச்சதுல கிருமி தொத்திக்கிட்டாம். ஊசி போட்டாச்சு. நெறைய தண்ணி குடிக்கணுங்காவ டாக்டர். குடிச்சா பள்ளிக்கூடத்துல எங்க போவா? அடுத்த வாரத்தோட நிப்பாட்டிரலாம்னு பாக்கேன். வீட்டுல கெடந்தாலும் பிள்ள பிள்ளையா இருப்பா."

நிப்பாட்டாதீங்க என்றேன். தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று போன வருஷம் அதே டாக்டர் எனக்கும் சொன்னார். மாத்திரைதான் வாங்கிக்கொண்டேன்.

இசக்கியம்மாள் கண்ணைத் திறந்து, "செண்பகம் என்ன செய்யுது டீச்சர்?" என்று கேட்டாள். உனக்காகக் காத்திருக்கிறது என்றேன். என் கண்ணில் நீர் முட்டியது, மறைக்கவில்லை.

பிப்ரவரி 5, வியாழன்

ஒத்திகை. பிள்ளைகள் ஆடியதைப் பார்த்தால் கொசு விரட்டுவது போலிருந்தது.

பிப்ரவரி 6, வெள்ளி

சாயங்காலம் நாலு மணிக்கு விழா. ஆதிலிங்கம் சார் வெள்ளைச் சட்டையில் வந்தார். வந்ததும் நேரே போய்த் தன் பெயர்ப் பலகையின் முன் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். கதவைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. மாலை, பொன்னாடை, வரவேற்புரை.

மூன்றாம் வகுப்பின் முறை வந்தபோது பென்டிரைவைக் காணோம். மைக்செட் பையன் மேசைக்கு அடியிலெல்லாம் தேடினான். பாவம். கூட்டம் சலசலத்தது. நான் மைக்கைப் பிடித்து, "அடுத்ததாக மூன்றாம் வகுப்பு மாணவர்கள் தாங்களே கூடி உருவாக்கிய கதை" என்று அறிவித்தேன். ரூபாவதி டீச்சர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். பாம்பேக்காரர் அதற்குள் கை தட்டிவிட்டதால் மறுபடி உட்கார்ந்தார்.

சார்ட்டுகள் எப்படியோ மேடைக்கு வந்து சேர்ந்திருந்தன. பிள்ளைகள் ஆளுக்கொன்றைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். தேரியிலிருந்து ஓர் ஒட்டகம் வந்தது. அது ரயிலில் வந்தது. கூட்டம் சிரித்தது. பள்ளிக்கூடத்தில் படிப்பதால் அது தண்ணீர் குடிப்பதில்லை என்ற வரி இசக்கியம்மாளுடையது. யார் சொல்வது என்று பிள்ளைகள் முழித்தபோது கூட்டத்தின் பின்னாலிருந்து அவளே சொன்னாள். அம்மாவின் சேலையைப் போர்த்திக்கொண்டு மேடைப்படி வரை நடந்து வந்தாள். வழி விட்டார்கள். அதன் பிறகு கூட்டத்தில் பெண்கள் பக்கம் சிரிப்பில்லை.

மாளிகை வந்தது, பூட்டு வந்தது, பம்பாய் ராஜா வந்தார். ராஜா கதவைத் திறந்தார். அது கனவு. பூட்டு அப்படியே கிடந்தது.

அத்தோடு சார்ட் முடிந்துவிட்டது. பிள்ளைகள் நகரவில்லை. ஜெபின் என் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டு போய் ஆதிலிங்கம் சார் முகத்துக்கு நேரே நீட்டினான். நான் தடுத்திருக்கலாம். என் செருப்பு வார் அறுந்திருந்தது.

"நீங்கதான் ராஜா. அடுத்த வரி சொல்லுங்க."

அவர் சிரித்தார். "என்னது, ராஜா கதவ தொறந்தாருன்னு வச்சுக்கிடுவோம்."

"அது முன்னமே சொல்லியாச்சு" என்றாள் இசக்கியம்மாள். "அது கனவாப் போச்சு."

அவருடைய சிரிப்பு மெல்லக் குறைந்தது. ரூபாவதி டீச்சர் பக்கம் திரும்பினார். மைக் இன்னும் அவர் வாய்க்கு முன்னால்தான் இருந்தது என்பதால் ஊருக்கே கேட்டது. "ஏன் டீச்சர், பூட்டியா வச்சிருக்கீங்க?"

"உங்களுக்காகத்தான் சார். நீங்க பாக்கும்போது புதுசா இருக்கணும்னு."

"எனக்கா? அதுக்குப் போகவா நான் பாம்பேல இருந்து வாரேன்?"

ஆண்கள் பக்கம் வெடித்துச் சிரித்தார்கள். ரூபாவதி டீச்சர் சிரிப்புக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் மேல் அவ்வளவு கோபம் இருந்தும் அந்த நிமிஷம் பார்க்கச் சகிக்கவில்லை. பிறகு அவர் எழுந்தார். கைப்பையிலிருந்து சாவியை எடுத்தார். முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஆதிலிங்கம் சாரையும் என்னையும் தாண்டி மேடைப்படி இறங்கி வந்து, சாவியை இசக்கியம்மாள் கையில் வைத்தார்.

"போ ஏட்டி. போய்த் தொற."

போட்டோகிராபர் ரிப்பன் இருக்கா என்று கேட்டுக்கொண்டே பின்னால் ஓடினான். ரூபாவதி டீச்சர் அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அங்கேயே நின்றுவிட்டான். பூட்டு இறுகிக் கிடந்தது. சண்முகக்கனி மகளின் கையோடு தன் கையையும் சேர்த்துத் திருகினாள். இசக்கியம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். விழாக் கூட்டம் முழுவதும் அந்தக் கதவைப் பார்த்தபடி சும்மா நின்றது. குழாய்ச் சத்தம் கேட்டது.

ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே வெளியே வந்து, ஜெபினிடம் மைக்கை வாங்கிச் சொன்னாள்: "இப்போ எழுதிக்கிடுங்க டீச்சர். தொறந்தாச்சு."

அதற்குள் அவளுக்குப் பின்னால் வரிசை நின்றுவிட்டது. வரிசையில் பெரிய பெண்களும் இருந்தார்கள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

ரசத்துக்கு மிளகு எடுக்க அஞ்சறைப் பெட்டிக்குள் கைவிட்டபோது பென்டிரைவ் தட்டுப்பட்டது. துடைத்து வைத்தேன். நாளை மைக்செட் பையனிடம் கொடுத்துவிட வேண்டும்.

பிப்ரவரி 9, திங்கள்

நீல டைல்ஸ் முழுக்கச் செம்மண் தடம். ரூபாவதி டீச்சர் சொன்னது நடந்துவிட்டது. இரண்டு நாள்கூட வேண்டியிருக்கவில்லை, விழாச் சாயங்காலம் ஒன்றே போதுமாக இருந்தது. காலை மணி அடிப்பதற்கு முன்னால் போனேன். அவர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு விளக்குமாற்றோடு நின்றார். நான் வாளியை எடுத்தேன். இரண்டு பேருமாகக் கழுவினோம்.

"கழுவ ஆள் போடுதேன்னு ஆதிலிங்கம் சார் சொல்லிருக்காவ. காம்பவுண்டு சுவரப் பத்திக் கேக்க எனக்கு வாய் வரல" என்றார். பிறகு, "தாளாளர் உங்க மேல ரொம்பக் கோவத்துல இருக்காவ. ஏப்ரல் வரைக்கும் இருங்க. ஜூன்ல நான் பேர் சொன்னாலும் எடுபடுமான்னு தெரியல."

"சொல்லுவீங்களா டீச்சர்?"

"சொல்லுவேன். அது என் வரி. அழிக்க முடியாதுல்லா."

ஏப்ரல் வரை இன்னும் நாள் இருக்கிறது. இந்த வகுப்பு அதற்குள் எத்தனை கதை சொல்லும் என்று தாளாளருக்குத் தெரியாது. அடுத்த கதையில் யார் வரணும் என்று இன்றே கேட்டுவிட்டேன். முத்துமாலை தாளாளர் என்றாள். எழுதிக்கொண்டேன்.

பிற்பகல் வருகையில் இசக்கியம்மாள் பெயரைக் கூப்பிட்டேன். "உள்ளேன் டீச்சர்."

மூன்று மணி இடைவேளையில் பள்ளிக்கூடத்துப் பானையிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் குடித்தேன். பிறகு இன்னொன்று.